காலி வீட்டுக்குச் சாட்சி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் தம்பி பெண்டாட்டியும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கு நீயும் அத்தானும், அத்தானுடைய சர்க்கரையும், கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் "சரி, வச்சிடட்டுமா" என்று வைத்துவிடுவது உன் வழக்கம். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே பொறுமையாகப் படி. தலைபோகிற காரியம். நாம் பிறந்து வளர்ந்த தெருவில் நாம் குடியிருந்தோம் என்பதற்கு நீ ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் குடும்பம் வரைபடத்தில் இருக்காது.

என்ன வரைபடம், எந்தக் குடும்பம் என்று பதறாதே. ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும். துண்டை மடித்து வைத்தால் "யாரு இப்படி மடிச்சது?" என்கிறாள், மடிக்காமல் விட்டால் "யாரு இதை இப்படிப் போட்டது?" என்கிறாள். இந்த நிலையில் கண் மருத்துவமனைக்குப் போனால், பக்கத்து நாற்காலியில் சோடா! நம் தெருவில் எதிர்வீட்டில் இருந்தானே, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, அதே சோடாப்புட்டிதான். எனக்கும் கண்ணில் சொட்டு மருந்து, அவனுக்கும் கண்ணில் சொட்டு மருந்து. இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கப் போய், நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளைக் கட்டிப்பிடித்து, நர்ஸ் வந்து பிரித்துவிட்டாள். "டேய், 'நம்ம தெரு'ன்னு போன்ல ஒரு குழு இருக்குடா. பழைய ஆளுங்களை எல்லாம் அதுக்குத் தேடிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். இரு, உன்னைச் சேத்து விடறேன்" என்று சொல்லி, ஒன்றும் தெரியாத கண்ணோடு போனைத் தடவித் தடவி என்னைச் சேர்த்தும் விட்டான். அன்றைக்குப் பிடித்தது, அக்கா, சனி! சனி என்று சொல்லக்கூடாது, இத்தனை சந்தோஷமாக நான் இருந்து எவ்வளவோ காலமாயிற்று.

அந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரு முனையிலிருந்து கடைசி வரை மனதுக்குள் நடந்து, வழியில் வரும் கடைகளையும் வீடுகளையும் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அதற்கு 'நடை' என்று பெயர். தையல்காரர் மகள்தான் குழுவுக்குத் தலைவி, அவள் வைத்த சட்டம். மனதுக்குள் நடந்தால் போதும் என்றுதான் சொன்னாள். நமக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லையே! கூடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நிஜமாக நடந்தேன். "முதல்ல முடிவெட்டுற கடை, அடுத்தது பேக்கரி, இப்ப நான் சைக்கிள் கடைகிட்ட வந்துட்டேன்" என்று சொல்லும்போது மாவரைத்து வைத்திருந்த பாத்திரத்தில் காலை விட்டேன். அதற்குப் பிறகு உன் தம்பி பெண்டாட்டி பேசியது அத்தனையும் பதிவாகி, என் விரல் பட்டு, குழுவுக்குப் போயும் விட்டது.

மானம் போயிற்று என்று போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பாராட்டு மழை. "உங்க அம்மா திட்டுற மாதிரியே பேசிக் காட்டிட்டீங்களே, எங்க தெரு சத்தமே திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்று தையல்காரர் மகள் உருகுகிறாள். பேக்கரிக்காரர் மகன் அழுதேவிட்டானாம். இவளிடம் காட்டினேன். முதலில் "நான் என்ன உங்க அம்மாவா?" என்று எகிறினாள். அப்புறம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று விசாரித்துவிட்டு, மறுநாளிலிருந்து கொஞ்சம் நிறுத்தி நிதானமாக, உச்சரிப்புச் சுத்தமாகத் திட்டுகிறாள்.

ஒரே ஒரு குறை. முனையில் இருந்தது பேக்கரிதான், முடிவெட்டும் கடை கடைசியில் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். நானும் விடாமல் மல்லுக்கு நின்றேன். ஆனால் இத்தனை பேர் சொல்லும்போது நாம் மட்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? யோசித்துப் பார்த்தால் முனையில் திரும்பும்போதே ரொட்டி வாசனை வரும், இல்லையா? எனக்கு வந்துவிட்டது. நீயும் யோசி, உனக்கும் வரும்.

இனிதான் முக்கியமான சமாச்சாரம். மருந்துக்கடைக்காரர் இன்னும் இருக்கிறார் அக்கா! தொண்ணூறைத் தாண்டிய மனிதர், காது மந்தம், குரல் மட்டும் வெண்கலம். அவர் சொல்வதுதான் குழுவில் கடைசித் தீர்ப்பு. என்னைப் பற்றிக் கேட்டதும், "அட, தெரியாம என்ன! ஒல்லியா, உயரமா, அவங்க அப்பா சைக்கிள்ல பாடிக்கிட்டே போவாரே! அவரு குரல் கேட்டாத்தான் நான் கடையத் திறப்பேன்" என்றார். நம் அப்பா! பாட்டு! தும்மல் வந்தால்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தும்முகிற மனிதர்! வீட்டில்தான் பாடவில்லை, தெருவில் பாடியிருக்கிறார். அப்படியென்றால் சந்தோஷமாகத்தானே இருந்திருக்கிறார்? நாம்தான் அவரைச் சிடுமூஞ்சி என்றே நினைத்திருந்தோம். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

தையல்காரர் மகள் தெருவை ஒரு பெரிய துணியில் படமாக வரைந்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றுகூடி அதைத் திறந்துவைக்கிறோம். எல்லாக் கடைகளும் வீடுகளும் ஆளோடு வந்துவிட்டன. தையல் கடையை ஒட்டி ஒரே ஒரு வீடு மட்டும் காலி. அதில் யார் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டைத்தான் இத்தனை பேரும் மறந்திருக்கிறார்கள்! "அது எங்க வீடு" என்று உடனே எழுதினேன். சைக்கிள் கடைக்காரர் மகன் ஒருத்தன் இருக்கிறான், விதண்டாவாதி. "அது எங்க பழைய டயர் போட்டு வச்ச இடம். வீடுன்னா வேற யாராவது சொல்லட்டும்" என்கிறான். டயராம் டயர்! நம் அம்மா கோலோச்சிய சமையலறையில் இவன் டயரை உருட்டிவிடுவானா? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "என் அக்கா வந்து சொன்னா ஒத்துக்கிறியா?" என்று கேட்டேன். "கூட்டிட்டு வாங்க பாக்கலாம்" என்று சவால் விட்டிருக்கிறான்.

ஆகவே நீ வந்தே தீர வேண்டும். அத்தானை அவர் மாத்திரை டப்பாவோடு அழைத்து வா. நீ வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் உண்மையை ஒத்துக்கொள்வார், உண்மை இல்லாவிட்டாலும் ஒத்துக்கொள்வார். இது சிறு வயதிலிருந்தே நான் பட்ட அனுபவம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், கேட்காவிட்டாலும் கொடுத்துவிடு. இவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், திருத்தமான உச்சரிப்பில்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள,
நம் வீட்டுக்காகப் போராடிக்கொண்டிருக்கும் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சோடா மூச்சிரைக்க ஓடி வந்தான். "டேய், தப்பு நடந்துபோச்சுடா" என்றான். 'நம்ம தெரு' என்று அவன் போனில் இரண்டு குழு இருக்கிறதாம். ஒன்று நம்முடையது. இன்னொன்று அவன் பெண்டாட்டி பிறந்து வளர்ந்த தெருவினுடையது. கண்ணில் மருந்தோடு என்னை அவன் மாமியார் வீட்டுத் தெருவில் சேர்த்திருக்கிறான். அந்தத் தெருவில் நாம் காலடிகூட வைத்ததில்லை. நம்முடைய குழு எப்படி என்று கேட்டேன். அதில் இருப்பது சோடாவும், சோடாவின் இன்னொரு போனும் மட்டும்தானாம். நம் தெரு ஆட்கள் யாரும் கிடைக்கவில்லையாம்.

"வாடா, இதுலேர்ந்து எடுத்து அதுல போடறேன்" என்று போனை நீட்டினான். அதே நேரம் தையல்காரர் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. காலி வீட்டுக்கு வண்ணம் அடித்துவிட்டாள். வாசலில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் நிற்கிறாள், ஒரு பையன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அப்பா சைக்கிளில் ஏறிக்கொண்டே வாயைத் திறந்து பாடுகிறார். "சைக்கிள் கடைக்காரர் மகன் கெடக்கான், நீங்க சொன்னா சரிதான். உங்க அக்கா இப்படித்தானே இருப்பாங்க?" என்று கேட்டிருந்தாள்.

இப்படித்தான் இருப்பாள் என்று எழுதிவிட்டேன், அக்கா. சோடாவின் வாயை அடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா. முனையில் பேக்கரி, கடைசியில் முடிவெட்டும் கடை, பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடு. அப்பா என்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்பார்கள். நல்ல பாட்டாக ஒன்று சொல்.