பதினோரு நொடிக்கு ஒருவர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாள் தங்களை மாடிப்படி ஏற அனுமதித்துவிட்டார்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் அன்போடு அனுப்பிய குட்டிக் கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். குற்றம் அதனுடையது அல்ல, முழுக்க என்னுடையது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் நடுவில் அதற்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

தங்கள் மகள் காதுக் கருவி பொருத்தும் நிலையம் நடத்துவதும் அங்கே கூட்டம் கூடி வருவதும் தாங்கள் அறிந்ததே. வருகிறவர்கள் யாருக்கும் காது சரியாகக் கேட்காது என்பதால், வரிசை எண்ணைச் சொல்லி அழைத்தால் ஒருவரும் எழுவதில்லை. முன்மேசையில் இருக்கும் அம்மாள் எட்டு மாதமாகக் கத்திக் கத்தி, குரல் தகரத்தில் ஆணி உரசுவது போல் ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படிக் கத்தினால் குரலே மிஞ்சாது என்று தொண்டை மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மருமகள் அவரிடம் இரண்டு வாரத் தவணை கேட்டாள். அவர் போய்விட்டால் நிலையத்தை நடத்த முடியாது. யார் எந்தக் கருவியை எந்தக் காதில் போடுகிறார் என்பது வரை அவருக்குத்தான் தெரியும்.

அந்த வாரம்தான் தங்கள் பார்சல் வந்தது. மருமகள் என்னிடம், "மாமா, டிவில நம்பர் தெரியற மாதிரி இதுல ஏதாவது பண்ண முடியுமா?" என்றாள். உப்பை எடுத்துத் தரச் சொன்னதைத் தவிர, நான்கு ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. முடியும் என்று தலையை ஆட்டிவிட்டு, முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சம்பந்தி, அந்தக் கணினியை நான் எப்படிப் புகழ்வேன்! சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை, அணைக்கும் பொத்தான்கூட இல்லை. மின்சாரம் வந்தால் தானாக எழுந்து, கொடுத்த படங்களைக் கொடுத்த வரிசையில் காட்டுகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் சரிபார்த்தேன். இப்படிச் சொன்னதைச் செய்கிற ஓர் ஊழியரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்து. ஒன்று முதல் நாற்பது வரை மஞ்சளில் கறுப்பு எழுத்தாக நாற்பது படங்கள் செய்தேன். நிலையத்தின் கடைசி நாற்காலிவரை நாடா பிடித்து அளந்து எழுத்தின் உயரத்தை முடிவு செய்தேன். மூன்று நாள் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒருவர் உள்ளே போய் வர எவ்வளவு நேரம் என்று குறித்தேன். சராசரி பதினோரு நிமிடம். அதையே படம் மாறும் நேரமாக வைத்தேன். "ஆளுக்கு ஆள் நேரம் மாறுமே மாமா" என்றாள் மருமகள். சராசரி என்று ஒன்று இருக்கிறது என்று நான் விளக்கினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தவறு என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும்; என் மனம் நோகக்கூடாது என்று விட்டிருக்கிறாள்.

வீட்டில் ஏழு மணி நேரம் இருபது நிமிடம் முழு ஒத்திகை பார்த்தேன். "அதுபாட்டுக்கு ஓடுது. நீங்க எதுக்கு அதுக்குக் காவல்?" என்றாள் என் மனைவி. கடைசியாக ஒருமுறை விரைவாகப் பார்த்துவிடலாம் என்று நிமிடத்தை நொடியாக்கினேன். 'மறுபடி நிமிடமாக்கு' என்று நோட்டிலும் எழுதினேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டாள். வந்ததும் செய்யத்தானே போகிறோம் என்று முன்கூட்டியே டிக் அடித்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தேன், டிக் இருந்தது. நான் என்னையே நம்பாதவன், ஆனால் என் டிக்கை ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திரை ஒளிர்ந்தது. ஒன்றாம் எண்காரர் எழுந்து உள்ளே போனார். நான் பெருமூச்சு விட்டேன். அதை விட்டு முடிப்பதற்குள் இரண்டு வந்தது. பிறகு மூன்று. மூன்று நிமிடத்தில் பதினாறு பேர், இரண்டு நாற்காலி போட்ட அறைக்குள் ஒழுங்காக, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நுழைந்துவிட்டார்கள். ஒன்பதாம் எண் வாத்தியாரை மருமகள் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தப் பார்த்தாள். அவர் திரையைக் காட்டி, "என் நம்பர் வந்துடுச்சும்மா. நீ சொல்றது எனக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அணைக்கலாம் என்றால் பொத்தான் இல்லை. திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பதினேழாம் எண் அம்மாள் என் தோளைப் பிடித்து, தன் நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். முன்மேசை அம்மாள்தான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். எல்லாரையும் கெஞ்சி வெளியே உட்கார வைத்தபின், நேரத்தைத் திருத்துகிறேன் என்று பிளக்கை மறுபடி செருகினேன். அந்த நேர்மையான இயந்திரம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. காதில் அச்செடுக்கும் பசையோடு ஒன்றாம் எண்காரர் மறுபடி எழுந்தார். முன்மேசை அம்மாள் மேசைமேல் கவிழ்ந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. எட்டு மாதம் தாங்கிய பெண்மணியை நான் ஒரே காலையில் அழவைத்துவிட்டேன். குடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் வந்து கணினியைத் தகுதியுள்ள ஒருவரிடம் சேர்க்கவும். தங்கள் மகளிடம் எனக்காக மன்னிப்பும் கேட்கவும். அவளைப் போன்ற ஒரு பெண்ணை எங்கள் வீட்டுக்குத் தந்தவர்களுக்கு இந்தச் சிரமமும் தருகிறேனே என்று கூசுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தாங்கள் இருவரும் நோயின்றி நிறைவோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. தாங்கள் வரவேண்டாம். அந்த அம்மாள் அழவில்லையாம், சிரித்தாராம். திங்கள் மாலையே குடையைக் கொடுக்க வீட்டுக்கு வந்து, கரகரத்த குரலில், "எட்டு மாசமா கத்தறேன், ஒருத்தர் திரும்பிப் பாக்கல. இது வாயே தொறக்கல, பதினேழு பேர் எழுந்து போறாங்க. இதோட கடிவாளத்த மட்டும் என் கையில குடுங்க, சார்" என்றார். தானாக மாறும் நேரத்தை எடுத்துவிட்டு, ஒரு விசைப்பலகையைச் செருகி அவர் மேசையில் வைத்தேன். உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் ஒரு விசையைத் தட்டுகிறார். அடுத்தவர் எழுந்து போகிறார். இரண்டு நாளாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்தத் துணிச்சலில் நானும் கணினிப் பொறுப்பிலிருந்து என் விலகலை மருமகளிடம் தெரிவித்தேன். அவள் நிமிர்ந்தே பார்க்காமல், "நாப்பது போதாது மாமா. அறுபது வரைக்கும் பண்ணிடுங்க" என்றாள்.