ரெம்னெவா என்றைக்கு ஆடுகிறாள்?

நோயாளியின் வாய் திறந்திருந்தது. உள்ளே பஞ்சு இருந்தது, எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்தது, பாதி துளைத்த கடைவாய்ப் பல் இருந்தது. டாக்டர் இன்னகெந்தி மட்டும் பக்கத்தில் இல்லை. ஜன்னலோரம் போய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

நாற்காலியில் கிடந்த மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தன் பல்லைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

“ஆ...? ஆஆ?”

“உங்களுக்கு ஒண்ணுமில்லைய்யா. வெள்ளிக்கிழமை ரெம்னெவா ஆடலையாம்!”

அக்லாயா ரெம்னெவா யார் என்று பீட்டர்ஸ்பர்கில் நீங்கள் யாரிடமாவது கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். ‘வெள்ளி மான்’ பாலே நடனத்தில் அந்த மானாக இத்தனை வருஷம் ஆடியவள். இந்த சீசனோடு அந்த வேஷத்தைக் கழற்றி வைக்கப்போகிறாள். மிச்சமிருப்பது வெள்ளியும் ஞாயிறும். ஒரு நாள் அவள் ஆடுவாள், இன்னொரு நாள் ப்ரோஸ்கினா என்கிற புதுப் பெண். ரெம்னெவாவுடைய கடைசி ஆட்டத்தைத் தவறவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் கிடையாது. டாக்டரோ அவளுடைய வெள்ளி மானை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. தன் கல்யாண நாளை மறந்திருக்கிறார், இதை மறந்ததில்லை.

எங்கள் ஊரில் பாலே ரசிகன் என்றால் பாலே பார்க்கிறவன் என்று அர்த்தமில்லை. யார் ஆடுகிறார்கள், யாரை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன். ஆட்டம் ஏதோ நடுவில் நடக்கும்.

இதில் டாக்டருக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். இரண்டாம் காட்சியில் மான் பாறைமேல் ஏறி ஒற்றைக் கால் நுனியில் நிற்கும். வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி இடது மூலையிலிருந்து “ப்ராவாஆஆ!” என்று பாராட்டி ஒரு குரல் கிளம்பும். டாக்டர்தான். பல்லைப் பிடுங்கும்போது நோயாளிகள் போடும் சத்தத்தை விடப் பெரிய சத்தம். அந்தக் குரல்தான் அவளுக்குத் தெம்பு என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை. போன வசந்தத்தில் அதே இடத்தில் அவள் தடுமாறி, கூட இளவரசனாக ஆடியவன் மேலேயே விழுந்தாள். “அந்தப் பயலுக்குப் பிடிக்கத் தெரியலை, அவனை மாத்துங்க” என்று மேனேஜரிடமே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

“இதோ வந்துடறேன்” என்று நோயாளியிடம் சொன்னார் டாக்டர். “வாயை மட்டும் மூடிடாதீங்க.”

கோட்டை மாட்டிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார்.

அங்கே வாசலில் ஒட்டியிருந்த நடிகர் பட்டியல் முன்னால் எவெலீனா கார்லோவ்னா நின்றிருந்தாள். பியானோ டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், ரெம்னெவா கட்சியின் தலைவி. பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டி, அதன்மேல் ப்ரோஸ்கினா என்று எழுதியிருந்தது. எவெலீனா கார்லோவ்னா நகவெட்டியால் அந்தத் துண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அடியில என்ன இருக்கு?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் டாக்டர்.

“ரெம்னெவாதான். அதுக்கு மேல பசை ரெண்டு தடவை தடவியிருக்கான். நிதானமா ஒட்டலை, பதட்டத்துல ஒட்டியிருக்கான். உள்ள ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்கு டாக்டர்.”

“என்ன விஷயம்?”

“ப்ரோஸ்கினாவுக்கு மேலிடத்துல யாரோ இருக்காங்க. இல்லேன்னா ரெம்னெவாவுக்கு முழங்கால் வலி. நேத்து கடையில முட்டைக்கோஸ் வாங்கினாளாம், இலையை மூட்டுல வெச்சுக் கட்டத்தான். ஆடப்போறவ முட்டைக்கோஸ் வாங்குவாளா? நீங்களே சொல்லுங்க!”

“வாங்கமாட்டா” என்றார் டாக்டர், ரொம்ப விவரம் தெரிந்தவர்போல. “அப்ப ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை அவதான். போய் டிக்கெட்டை மாத்துங்க, நிக்காதீங்க.”

டிக்கெட் ஜன்னலில் க்ளாஃபிரா உட்கார்ந்திருந்தாள். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்னவோ, அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“வெள்ளிக்கிழமையை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தணும்மா. மூணாம் மாடி, இடது மூலை.”

“கீழ நல்ல இடம் இருக்கு டாக்டர். தூணுக்குப் பின்னாடி.”

“தூணுக்குப் பின்னாடி உக்காந்தா என் குரல் மேடைக்குப் போகாதே!”

“அதான் சொல்றேன்” என்றாள் க்ளாஃபிரா. ஆனாலும் மாற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் சந்தோஷமாக இதைச் சொன்னபோதுதான் டாக்டருக்கு அடுத்த இடி விழுந்தது. மனைவி ரிம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். வீட்டில் டாக்டருக்குச் செல்லப் பெயர் கேஷா.

“ஞாயித்துக்கிழமை என்ன நாள் கேஷா?”

“என்ன நாள்? விடுமுறை நாள்.”

“நமக்குக் கல்யாணமாகி வெள்ளி விழா! மூர்மன்ஸ்க்லேர்ந்து எங்க அண்ணன் ரயிலேறி வர்றான். வாத்து வாங்கி வெச்சிருக்கேன். நீ இல்லாம நான் யாரோட விழா கொண்டாடறது, வாத்தோடயா?”

“கோவிச்சுக்காத ரிம்மா. விருந்தை வெள்ளிக்கிழமைக்கு மாத்திடு. வெள்ளி விழா வெள்ளிக்கிழமை வந்தா பொருத்தம்தானே?”

ரிம்மா கரண்டியை ஓங்கினாள். அடிக்கவில்லை. நல்ல மனசுக்காரி, அண்ணனுக்குப் போன் போட்டு ரயில் டிக்கெட்டை மாற்றச் சொன்னாள், வாத்தை உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். அண்ணன் ஸ்தெபான் கப்பலில் வேலை பார்த்தவன். அவன் திட்டியது அடுத்த அறையில் இருந்த டாக்டருக்கும் கேட்டது.

இரண்டு நாள் நிம்மதி. புதன்கிழமை அதே நோயாளி அதே பல்லோடு வந்தார். துளைத்தவரைக்கும் துளைத்துவிட்டு மேலே தற்காலிகமாக ஏதோ அடைத்து அனுப்பியிருந்தார் டாக்டர், அது விழுந்துவிட்டது. மறுபடியும் பஞ்சு, குழாய். மறுபடியும் போன்.

“டாக்டர்!” எவெலீனா கார்லோவ்னா மறுமுனையில் கத்தினாள். “திரும்ப மாத்திட்டாங்க! ரெம்னெவா வெள்ளிக்கிழமைதான் ஆடறாளாம்! ஞாயித்துக்கிழமைக்கு ப்ரோஸ்கினா!”

“என்ன அநியாயம் இது! ஏன்?”

“நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மந்திரி வர்றாரு. ப்ரோஸ்கினாவை அவருக்குக் காட்டணும்னு மேலேர்ந்து உத்தரவு. முட்டைக்கோஸெல்லாம் வெறும் கண்துடைப்பு.”

டாக்டர் போனை வைத்தார். நாற்காலியிலிருந்து “ஆ ஆஆ ஆ?” என்று கேள்வி வந்தது. குழாயை எடுத்துவிட்டார்.

“ரெம்னெவா வெள்ளிக்கிழமையா?” என்று கேட்டார் நோயாளி. பல் வலியோடு அவருக்கும் இந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

“வெள்ளிக்கிழமைதான். ஆனா இனிமே நான் ஏமாறமாட்டேன்யா. ஞாயித்துக்கிழமை டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டே வெள்ளிக்கிழமைக்கும் ஒண்ணு வாங்கிடறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் இருப்பேன். அப்ப எங்க போவா?”

“பிரமாதம்” என்றார் நோயாளி. “என் பல்லு?”

“அது எங்கேயும் போகாது.”

க்ளாஃபிரா இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“ரெண்டு நாளும் வர்றீங்களா?”

“ரெண்டு நாளும்.”

“ரெண்டு நாளும் மூணாம் மாடி, இடது மூலையா?”

“இடது மூலை.”

“கடவுளே” என்றாள் க்ளாஃபிரா. தன் பக்தியைப் பார்த்து அவளுக்கே மெய்சிலிர்த்துவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் வாத்து மறுபடியும் உறைபெட்டிக்குள் போனது. ரிம்மா பேசுவதை நிறுத்திவிட்டு பாத்திரங்களைப் பேசவிட்டாள். “விருந்து ஞாயித்துக்கிழமைதான். இனிமே சூரியன் மேற்கே உதிச்சாலும் மாத்தமாட்டேன்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ஸ்தெபான் மறுபடியும் ரயில் டிக்கெட்டை மாற்றினான். போனை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னான்.

“மாப்ளே, உங்க ரெம்னெவா யாரு? எங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?”

“ஐயோ மச்சான், நான் அவங்களோட ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை!”

“பேசாமலே இவ்வளவா?” என்றான் ஸ்தெபான்.

வியாழக்கிழமை காலையில் பட்டியலில் இரண்டு இடத்திலும் வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. வெள்ளி: ப்ரோஸ்கினா. ஞாயிறு: ப்ரோஸ்கினா. அடியில் சின்ன எழுத்தில், ரெம்னெவாவுக்கு உடல்நலமில்லை.

டாக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார். “கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்னு நினைச்சேன். எனக்குக் குடுத்து வெக்கலை. நான் கத்தாம அவ எப்படித்தான் தனியா நிக்கப்போறாளோ” என்றார்.

எவெலீனா கார்லோவ்னாவும் மூக்கை உறிஞ்சினாள். “எழுந்திருங்க. நீங்க டாக்டர் இல்லையா? உடம்பு சரியில்லைன்னா நீங்க போய்ப் பாக்க வேணாமா?”

“நான் பல் டாக்டர்.”

“பல்லும் உடம்புலதானே இருக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. தேனும் ராஸ்பெர்ரி ஜாமும் நெஞ்சில் ஒட்டும் கடுகுப் பற்றும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கலைஞர்கள் வாசலுக்குப் போனார்கள். காவல்காரர் கிழவர் பையைத் திறந்து பார்த்தார்.

“ரெம்னெவாவுக்கா? அவங்களுக்கு என்ன? இப்பத்தான் ஒத்திகை முடிச்சாங்க. பாறை மேல அப்படியே சிலையா நின்னாங்க, பாத்துக்கிட்டே இருந்தேன். சிரிச்சுக்கிட்டே பின்வாசல் வழியா போயிட்டாங்க.”

“பின்வாசல் வழியாவா?” என்றார் டாக்டர்.

“நீங்க இந்த வாசலுக்கு வர்றதைப் பாத்து அவங்ககிட்ட சொன்னேன், பின்வாசல் வழியா போயிட்டாங்க.”

எவெலீனா கார்லோவ்னா டாக்டரைத் தனியாக இழுத்தாள். “பாத்தீங்களா? நல்ல உடம்போட இருக்கறவளை நோயாளின்னு ஒட்டியிருக்காங்க. தன் கண்ணீரை உங்ககிட்ட காட்டக்கூடாதுன்னுதான் பின்வாசல் வழியா போயிருக்கா.”

“சிரிச்சுக்கிட்டே போனதா சொன்னாரே?”

“மனசு உடைஞ்சவங்க அப்படித்தான் சிரிப்பாங்க.”

வெள்ளிக்கிழமை டாக்டர் போனார். பாராட்டப் போகவில்லை; எதிர்ப்பைக் காட்டப் போனார். புதுப் பெண் ப்ரோஸ்கினா நன்றாகவே ஆடினாள். இரண்டு இடத்தில் டாக்டருடைய கை தானாகவே தட்ட எழுந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பாறைக் காட்சியில் வாயை இறுக மூடியிருந்தார். சத்தமே இல்லை. அந்தப் பெண் ஆடாமல் அசையாமல் நின்றாள். “அதிர்ஷ்டம்தான்” என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்தெபான் வந்து இறங்கிவிட்டான். சமையலறை மேசையில் வாத்து, வயிற்றில் ஆப்பிள் அடைக்கக் காத்திருந்தது. டாக்டர் கோட்டை எடுப்பதை ரிம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னிக்கு அவ ஆடவே இல்லை. அப்படியும் போறியா?”

“அவ ஆடறதாயிருந்த மேடையை ஒரு தடவை...”

“கேஷா.” ரிம்மாவின் குரல் உடைந்தது. “இத்தனை வருஷமா நான் நல்ல கவுன் போட்டு உன் முன்னாடி நின்னா நீ ஒரு தடவைகூட நிமிந்து பார்த்ததில்லை. இன்னிக்கு சாயங்காலம் உன் நாற்காலி காலியா இருந்தா, நாளைக்கு உன் சாமானெல்லாம் வாசல்ல இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.”

“மாப்ளே, தூக்கி வைக்க நான் இருக்கேன்” என்றான் ஸ்தெபான், வெகு மரியாதையாக.

டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது அழுது வீங்கியிருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அதை நன்றாகப் பார்த்தார். மனசு என்னவோ செய்தது.

“டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன் ரிம்மா. சத்தியமா. சாயங்காலம் நான்தான் வாத்தை வெட்டிப் பரிமாறுவேன்.”

டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். டிக்கெட்டை உள்ளே தள்ளினார்.

“திருப்பி எடுத்துக்கோங்கம்மா. ரெம்னெவா இல்லாத மானை நான் பாக்கமாட்டேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

க்ளாஃபிரா டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். வழக்கமாக ஆட்டத்தன்று திருப்பினால் பாதிப் பணம்கூடப் பெயராது. இன்றைக்கு முழுப் பணத்தையும் எண்ணி வைத்தாள். அதோடு தன் மேசையிலிருந்து ஒரு சாக்லேட்டும் எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. டாக்டர் தன் கண்ணையே நம்பவில்லை.

“மனசு கலங்காதீங்க டாக்டர். வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க, சீக்கிரம் போங்க.”

எவ்வளவு நல்ல பெண், இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று டாக்டர் வருந்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நடந்தார். கதவில் கை வைத்தபோது பின்னால் க்ளாஃபிரா போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது:

“ஆமாங்க, அந்த ‘ப்ராவா’ ஆளு டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு; ரெம்னெவா அம்மாவை வேஷம் போடச் சொல்லுங்க, இன்னிக்கு அவங்க பயமில்லாம ஆடலாம்!”