பஸ் செட்டின் மிலிட்டரி

தென்காசிப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். ராணுவத்தையே தென்காசிக்குக் கொண்டுவந்து நிறுத்தியவள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது வயது பதினான்கு. என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தாள். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. டீச்சர்களைத் தவிர யாரும் அதை எடுத்துப் புழங்கியதில்லை. எங்களுக்கு அவள் மிலிட்டரி.

அவள் வம்சத்தில் பட்டாளத்துக்குப் போனவர் யாரும் கிடையாது. செங்கோட்டை ரோட்டில் ஒருநாள் ஏழெட்டுப் பட்டாளத்து லாரிகள் வரிசையாகப் போனதைப் பார்த்தாளாம், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நடையே மாறிவிட்டது. குடையைத் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு, பாவாடை தட்டுகிறதே என்று யோசிக்காமல் எட்டு வைப்பாள்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் பெண்கள் பள்ளியில் இரண்டு கூட்டம் உண்டு. மில் முதலாளி மகள் வசந்தாவும் அவளுடைய தோழிகள் ஐந்து பேரும் ஒரே கறுப்புக் காரில் வந்து இறங்குவார்கள். அது கார் செட். குற்றாலத்திலிருந்து புறப்பட்டு மேலகரம் வழியாக வரும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் ஏழு பேர் பஸ் செட். எல்லோருக்கும் ஒரே சீருடைதான். ஆனால் அவர்களுடையது மடிப்புக் கலையாமல் வகுப்புக்கு வரும். எங்களுடையது பஸ்ஸில் பாதி, வெயிலில் பாதி கலைந்து வரும்.

நான் மேலகரத்தில் ஏறுகிறவள். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். உண்மையைச் சொல்கிறேன், நான் முதலில் கேட்டது காரில்தான் இடம். “எடமில்லையே” என்றாள் வசந்தா. மிலிட்டரி கேட்காமலே கொடுத்தாள். சேர்ந்த அன்றே என்னை மேஜர் ஆக்கினாள். அவள் படையில் மேஜருக்குக் கீழே ஆளே கிடையாது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது, பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஏழு பைகளும் உள்ளே பறக்கும். பைகள் விழுந்த இடமெல்லாம் எங்கள் எல்லை.

“ஏட்டி, இது பஸ்ஸுட்டி. பட்டாளத்து லாரி இல்ல” என்பார் கண்டக்டர்.

“எல்லையை விட்டுக் குடுத்தா திரும்பக் கெடைக்காது அண்ணாச்சி” என்பாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பள்ளியில் எங்கள் முகாம் சைக்கிள் ஷெட். உள்ளே வர ரகசியச் சொல் உண்டு. அன்றன்றைக்கு மிலிட்டரி வீட்டில் வைத்த குழம்புதான் அந்தச் சொல். ஒருநாள் தலைமையாசிரியையே வந்துவிட்டார். வாசலில் காவல் நின்ற செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டளைப்படி நடக்கிறவள்.

“ரகசியச் சொல்?” என்றாள்.

“முட்டி போடு” என்றார் தலைமையாசிரியை.

“தப்பு டீச்சர். இன்னைக்குப் புளிக்கொழம்பு.”

அன்று சாயங்காலம் வரை படை முழுக்க வெயிலில் முட்டி போட்டது. மிலிட்டரி மட்டும் செல்லம்மாவைப் பாராட்டினாள்.

பள்ளி மைதானத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு வாதாம் மரம். மதியச் சாப்பாட்டுக்கு அது கார் செட்டின் சொத்து. ஆள் வைத்து முன்கூட்டியே ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். நாங்கள் தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டு சாப்பிடுவோம். மிலிட்டரி தினமும் காலையில் அந்த மரத்துக்கடியில் சோற்றை இறைத்தாள்.

“என்னத்துக்குட்டி?” என்று கேட்டேன்.

“காக்கா நம்ம ஆளு. மேல இருந்து அடிக்கும் பாரு.”

அடித்தது. வசந்தாவின் தயிர்சாதத்திலேயே அடித்தது. மூன்றாம் நாள் கார் செட் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது. நான்காம் நாள் நாங்கள் குடைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் சாப்பிட்டோம்.

அதுவரைதான் அது விளையாட்டு.

மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னாலும், வசந்தா எழுந்து நின்றாள். “எங்க சித்தப்பா லாட்ஜ்ல ஒங்க அம்மாதானட்டி கக்கூஸ் கழுவுதா? ஒனக்கு மரத்தடி கேக்குதோ?”

மிலிட்டரியின் அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்ப்பது எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

“ஆமா” என்றாள் மிலிட்டரி. “நல்லாக் கழுவுவா.”

கடைசி மணி அடித்ததும் நேராக வசந்தாவிடம் போனாள். “சனிக்கிழமை அருவிக்கு வா. ரெண்டு செட்டும் தண்ணிக்குள்ள நிக்கணும். எந்த செட்டு ஆளு மொதல்ல வெளிய வருதோ அந்த செட்டு தோத்துது. தோத்தவங்க மரத்துப் பக்கமே வரப்படாது.”

வசந்தா சம்மதித்தாள். போகிறபோது என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்: “எங்க கார்ல ஒரு எடம் காலியாவுது. திங்கக்கெழமையில இருந்து நீ வாரியா?”

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க யோசித்தேன், அந்தக் காரின் சீட் எப்படி இருக்கும் என்று.

ஆடிச் சாரல். அருவி பாறையை மறைத்து விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நெரிசல். கார் செட்டுக்குத் துணையாக வசந்தாவின் சித்தி வந்து, துண்டுகளோடு கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றாள். லாட்ஜ்காரரின் மனைவி அவள்தான். அந்த ஒரு முகத்தைப் பார்த்ததும் எங்களில் பாதிப் பேருக்குக் குளிர் ஆரம்பித்துவிட்டது.

உள்ளே போனோம். குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுவதை மழைக்கு ஒப்பிடுகிறவர்கள் அங்கே குளித்தவர்களாக இருக்க முடியாது. நாலு பேர் நம்மைத் தரையில் போட்டு மிதிக்கிற மாதிரி இருக்கும். கண் திறக்க முடியாது. மூச்சு பாதிதான் வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் விட்டுப்போன வழுக்கல் வேறு காலடியில். முதலில் ஒரு முழங்கை என் விலாவில் பட்டது. பிறகு யாரோ தள்ளினார்கள். நானும் தள்ளினேன். திடீரென்று கால் போய்விட்டது. விழுந்தால் பாறையில் மண்டை உடையும். கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அது ஒரு கழுத்து. பிடி ஒரு கணம் நின்றது, பிறகு அறுந்தது. நான் எப்படியோ பாறைச் சுவரில் ஒட்டி நின்றுவிட்டேன். கைக்குள் ஏதோ குத்தியது. பார்க்காமலே தெரிந்தது, சங்கிலி.

உடனே நீட்டியிருக்கலாம். விரல்கள் இறுகிக்கொண்டன. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

வசந்தா கழுத்தைத் தடவினாள். அவள் வாய் அசைந்தது, இரைச்சலில் சத்தம் வரவில்லை. முதலில் புரிந்துகொண்டவள் மிலிட்டரி. அவளே முன்னால் வெளியே வந்து, வசந்தாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“செயினைக் காணும் சித்தி.”

சித்தியின் குரலுக்கு அருவியே அடங்கினாற்போல் இருந்தது. “ஒருத்தி வெளிய போவப்படாது. இந்தப் பஸ்ஸுல வார கழுதைகளை இங்கன வரிசையா நிறுத்து.”

எங்களை நிறுத்தினார்கள். குளிக்க வந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சித்தி ஒவ்வொருத்தியாகப் பின்னலை அவிழ்க்கச் சொன்னாள், பாவாடை முடிச்சைத் தடவினாள். செல்லம்மா அழ ஆரம்பித்தாள். என் முறை வந்தது. என் முஷ்டி ஈரத் தாவணிக்குள் இருந்தது.

சித்தி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீ தாலுகா ஆபீஸ்காரர் மகள்லா? நீ என்னத்துக்கு இவளுவ கூட நிக்கே? அங்கன வசந்தா பக்கத்துல போயி நில்லு.”

போனேன். கார் செட்டில் எனக்கு இடம் கிடைத்த விதம் அது. அங்கே நின்றுகொண்டு, மிலிட்டரியின் தலைமுடிக்குள் சித்தி விரலை விட்டுத் துழாவுவதைப் பார்த்தேன். மிலிட்டரி விறைப்பாக நின்றாள். அவள் கண் மட்டும் என் தாவணிக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“தண்ணியில விழுந்திருந்தா கீழதான் போயிருக்கும்” என்று அவள் சொன்னாள். “எல்லாரும் எறங்கித் தேடுங்க. ரெண்டு செட்டுந்தான்.”

தண்ணீர் தேங்கி ஓடும் இடத்தில் எல்லோரும் குனிந்தோம். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து கூழாங்கல்லைக் கிளறினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“மேஜர், கையைத் தண்ணிக்குள்ள வச்சு விரி.”

விரித்தேன்.

“இந்தா கெடக்கு” என்று சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள்.

சித்தி வந்தாள், வாங்கினாள், அதே கையால் அறைந்தாள். “ஒளிச்சு வச்சுட்டு எடுத்துக் குடுக்க மாதிரி நடிக்கியோ? ஒங்க அம்மைய நாளையில இருந்து லாட்ஜ் பக்கம் வர வேண்டாம்னு சொல்லு.”

மிலிட்டரி கன்னத்தைத் தொடவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். அறை வாங்கியபோது வராத பயம் அம்மாவின் வேலைக்கு வந்தது.

“நாந்தான் எடுத்தேன்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

சித்தி சிரித்தாள். “பாவம், பயந்து ஒளறுது.”

“இல்ல, நாந்தான். வழுக்கிச்சு, புடிச்சேன், அறுந்துட்டு.”

“சும்மா கெட பிள்ள. ஒன்னைய மாதிரி வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யுமா?”

எவ்வளவு சொன்னாலும் என்னைத் திருடியாக ஒத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. கடைசியில் வசந்தாதான் வாய் திறந்தாள். அவள் கழுத்தில் நாலு நகக் கீறல் சிவந்திருந்தது. “இவதான் சித்தி புடிச்சா. தண்ணிக்குள்ளயே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் நின்னே?”

வசந்தா தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “அவ அம்மைய நிறுத்துனா நான் சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன்” என்றாள். சித்தி துண்டுகளை வாரிக்கொண்டு நடந்தாள். மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. வேலை மட்டும் போகவில்லை.

பஸ் ஸ்டாப் வரை மிலிட்டரி எங்களோடு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் அழுதுகொண்டே இருந்தேன்.

“வெரசா சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

“பயமா இருந்துச்சுட்டி.”

“எனக்கும்தான். அழாத. வீங்கினது என் கன்னம், நீ அழுதா வடிஞ்சிருமா?” என்றாள்.

திங்கட்கிழமை மதியம் அவள் படையை நேராக சைக்கிள் ஷெட்டுக்கு நடத்தினாள். மரம் சும்மாதானே கிடக்கிறது என்றாள் செல்லம்மா.

“மொதல்ல வெளிய வந்தது நாந்தான். தோத்தாச்சு. சொன்ன வாக்கு வாக்குதான்.”

அன்று காலையிலேயே மேலகரத்தில் அந்தக் கறுப்புக் கார் என் முன்னால் நின்றிருந்தது. வசந்தா கதவைத் திறந்து பிடித்தாள். “வாரியா?” அவள் கேட்ட விதத்தில் பழைய மிடுக்கு இல்லை. எனக்கும் கோபம் இல்லை. “பஸ்ஸு வந்துரும்” என்றேன்.

பஸ் வந்தது. குற்றாலத்திலேயே ஏறிவிட்ட மிலிட்டரி, பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடாமல் கையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை தினமும் அப்படித்தான். காய்ச்சலடித்த நாட்களில்கூட நான் லீவு போட்டதில்லை. அவள் பிடித்து வைத்த இடம் ஒருநாளும் சும்மா போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்தது.