தைஸ்தோ போட்ட ஔலுப் பயணத் திட்டம்

கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் தைஸ்தோ தன் மனைவி இர்யாவை ஔலு பட்டணத்துக்கு மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு தடவை பிரசவத்துக்கு. ஒரு தடவை மரம் அறுக்கும் இயந்திரம் வாங்க. மூன்றாவது பயணத்தில்தான் மனுஷன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தேன் என்பாள் இர்யா.

அப்பேர்ப்பட்டவர், மார்ச் மாதத்தில் ஒரு காலை, காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இர்யா, நாம ரெண்டு பேரும் ஔலுவுக்குப் போறோம். ரெண்டு ராத்திரி. ஓட்டல்ல தங்கறோம். சும்மா, சுத்திப் பாக்க."

இர்யா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. பொண்டாட்டியோட நாலு இடம் பாக்கணும்னு ஒரு மனுஷனுக்கு ஆசை வரக்கூடாதா?"

"வரலாம். ஆனா அது உனக்கு வந்திருக்கே, அதான் கேட்டேன்."

கேட்டதோடு சரி. மீனுக்கு உப்புத் தடவப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று தைஸ்தோ எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரர்களுக்கு வரும் முதல் கஷ்டம் இதுதான். எதிராளி பேசாமலிருந்தால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடுவார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்த மாதக் கடைசியில் தைஸ்தோவுக்கு எழுபது முடிகிறது. வடகோடியில் பனி சூழ்ந்த அந்த நாட்டில் எழுபதுக்கு மேல் கார் ஓட்ட வேண்டுமானால், கண்ணும் புத்தியும் சரியாயிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கண்தான். எதை நேராகப் பார்த்தாலும், பார்க்கிற இடத்தில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு மங்கல். ஓரத்தில் மரம் தெரியும், வானம் தெரியும். நடுவில் வேண்டியதுதான் தெரியாது. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்டோபரின் முதல் பனியில் ஊர் முனையில் வரிசையாக நட்டிருந்த தபால் பெட்டிகளைக் காரால் சாய்த்துவிட்டு, பனி தள்ளும் வண்டிக்காரன் மேல் பழியைப் போட்டார்.

ஊர் டாக்டரிடம் போனால் கதை முடிந்தது. அவர் இரண்டு வருஷமாகக் கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர். கார் போனால் என்ன மிச்சம்? கடை முப்பது கிலோமீட்டர். காட்டில் வேட்டைக் குடிசை அதற்கும் அப்பால். கார் இல்லாத ஆம்பிளை அந்த ஊரில் அடுப்புப் பக்கத்தில் அடுக்கிவைத்த விறகுக்குச் சமானம். தைஸ்தோவின் அப்பா கடைசி ஆறு வருஷம் அப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தார். அந்த நாற்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது. தைஸ்தோ அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு வெய்க்கோ. உறைந்த ஏரியில் துளை போட்டு இருவரும் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோது, அவன் தானாகவே பேச்சை எடுத்தான்.

"ஔலுல ஒரு கண் டாக்டரம்மா இருக்கா. ஆளை நிமிந்துகூடப் பாக்க மாட்டாளாம். பலகையில கடைசி வரியைச் சொன்னா கையெழுத்து."

"அந்த வரி சரியாத் தெரியலைன்னா?"

"மனப்பாடம் பண்ணிட்டுப் போ. நாடு முழுக்க ஒரே பலகைதான. நான் போன வருஷம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு."

எட்டு எழுத்து சொல்லிக் கொடுத்தான். தைஸ்தோ அவற்றை ஏரியில் முணுமுணுத்தார், விறகு பிளக்கையில் முணுமுணுத்தார், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கும் சௌனா அறையில் வியர்வை வழிய உட்கார்ந்து முணுமுணுத்தார். கல்லடுப்போடு என்ன பேச்சு என்று இர்யா கேட்டபோது, வேதப்பாட்டு என்றார். நாற்பது வருஷமாகத் தேவாலயத்துக்குப் போகாத மனுஷன். இர்யா ஒரு அகப்பை தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினாள். அவ்வளவுதான்.

ஏரியில் படிப்புக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. சில நாள் வெய்க்கோ தூண்டில் போட வரமாட்டான். அன்றைக்கெல்லாம் தூரத்துக் கரைப் பக்கம் யாரோ பனிக்கட்டி மேல் காரை வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மீன் மிரண்டு ஓடும். எவனோ வேலைவெட்டி இல்லாத முட்டாள் என்று தைஸ்தோ அந்தப் பக்கம் பார்த்துக் காறித் துப்புவார்.

ஔலுத் திட்டத்தைப் போட்டவர் அவர். அதைத் திருத்தியவள் இர்யா. ஓட்டல் கடலோரமாக வேண்டும் என்றாள். கண் டாக்டர் இருக்கும் தெருவுக்குப் பக்கமாக வேண்டும் அவருக்கு. நல்லவேளையாக இர்யா விரலை வைத்த ஓட்டல் அந்தத் தெரு முனையிலேயே இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு முடி வெட்டிக்கொள்ள வேண்டும், பட்டணத்தில் நன்றாக வெட்டுவார்களாம் என்றாள். டாக்டர் கொடுத்திருந்த நேரமும் அதே வியாழன், அதே மத்தியானம்தான். தைஸ்தோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தாராளமா வெட்டிக்க, அவசரமே இல்லை," என்றார். கடவுளே நம் பக்கம் என்று வெய்க்கோவிடம் சொன்னார். வெய்க்கோ தூண்டிலைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றான்.

புதன்கிழமை கிளம்பினார்கள். தைஸ்தோதான் ஓட்டினார். இர்யாவிடம் கல்யாணத்துக்கு முன் வாங்கிய லைசென்ஸ் ஒன்று உண்டு. ஆனால் வண்டி ஓட்ட அவர் ஒரு நாளும் விட்டதில்லை. நவம்பரிலிருந்து அவளிடம் ஒரு புதுப் பழக்கம். அவர் சாவியை எடுத்தால் இவள் கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குள் இருப்பாள். அதோடு வாய் ஓயாது. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள், காரில் ஏறினால் ரேடியோ.

"சிவப்பு விளக்கு எவ்வளவு அழகா எரியுது பாரு." அவர் பிரேக்கை மிதித்தார்.

"எதிர்ல வர்ற லாரி நல்ல பச்சை நிறம். நம்ம பக்கமா வர்ற மாதிரியே இருக்கு." அவர் வலப்பக்கம் ஒதுங்கினார்.

"ஒரு பொண்ணு குழந்தை வண்டியைத் தள்ளிட்டு ரோட்டைக் கடக்கறா. என்ன அழகான குழந்தை வண்டி."

"வாயை மூடிக்கிட்டு வர மாட்டியா? ஓட்டறவனுக்குக் கவனம் சிதறும்," என்று கத்திக்கொண்டே தைஸ்தோ வண்டியை நிறுத்தினார். குழந்தை கடந்து போயிற்று. வயசானால் பெண்களுக்கு நாக்கின் கட்டு தளர்ந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டார். நவம்பரில் இர்யா வெய்க்கோ வீட்டிலிருந்து நடந்து வரும்போது சாலையோரப் பள்ளத்தில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விழுந்ததில் ஏதோ கழன்றுவிட்டது என்றுகூட அவர் வெய்க்கோவிடம் சொன்னதுண்டு. நேரான ரோட்டில் நடக்கத் தெரியாதவள் என்று கிறிஸ்துமஸ் வரைக்கும் கேலி செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் முடி வெட்டக் கிளம்பினாள். அவர் கடலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்தார்.

காத்திருக்கும் அறையில் எதிர் நாற்காலியில் ஒரே ஒரு கிழவி. நீலப் பின்னல் குல்லாய் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்த ஊர் வழக்கப்படி இரண்டு பேரும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தைஸ்தோவுக்குப் படபடப்பு. எட்டு எழுத்தில் ஆறாவது ஒளிந்து ஒளிந்து விளையாடியது. முன்பின் தெரியாதவர்களிடம் அவர் வாய் திறந்தது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

"இந்த டாக்டர் கெடுபிடியா?" என்றார்.

நீலக் குல்லாய் இல்லை என்று ஆடியது.

"ஒரு கையெழுத்துதான் வேணும். வீட்டுக்காரிக்குத் தெரியாம வந்தேன். தெரிஞ்சா காரைப் புடுங்கிடுவா."

நீலக் குல்லாய் மெதுவாக, புரிகிறது என்பது போல ஆடியது. நல்ல பெண்மணி என்று தைஸ்தோ நினைத்துக்கொண்டார். வீட்டில் இருக்கிறதும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். உட்காருங்கள், சுவரைப் பாருங்கள், என்ன தெரிகிறதோ சொல்லுங்கள் என்றாள். தைஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி, எட்டு எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஆறாவதும் வந்துவிட்டது.

பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா," என்றாள் டாக்டரம்மா. "நான் இன்னும் பலகையைப் போடலை."

பொத்தானை அழுத்தினாள். சுவரில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தின் நடுவில் அந்தக் கட்டைவிரல் மங்கல். மேலே ஒரே ஒரு எழுத்து இருக்கிறதாம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. தைஸ்தோ தலையைச் சாய்த்தார், எம்பினார், கண்ணைச் சுருக்கினார். தட்டு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆளை நிமிர்ந்து பார்க்காதவளாக இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டு, கருவியை வைத்து, மறுபடி பார்த்தாள். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கும் திரை நடுவில் கெட்டுப் போயிருக்கிறது என்றாள். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணில் மிச்சமிருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றிப் பார்க்கலாம். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இரண்டுக்கும் போட்டிருப்பேன் என்றாள். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தைஸ்தோவுக்கு அதிகமாக வலித்தது.

"இன்னையிலேர்ந்து நீங்க ஓட்டக்கூடாது. இங்கேர்ந்து வீட்டுக்கு யார் ஓட்டுவாங்க?"

"என் வீட்டுக்காரி," என்றார் தைஸ்தோ. அவர் அன்றைக்குச் சொன்ன பெரிய பொய் அது.

வெளியே கடல் வெள்ளையாக, கெட்டியாகக் கிடந்தது. தூரத்தில் யாரோ பனிச்சறுக்கில் போவது ஓரக் கண்ணில் அசைந்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது. தைஸ்தோ அங்கேயே நின்று புதுத் திட்டம் போட்டார். இர்யாவிடம் மூச்சு விடக்கூடாது. நாளைக்கு வழக்கம் போல வீட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம். லைசென்ஸ் மாதக் கடைசி வரை செல்லும். அதற்குப் பிறகு ஏரிப் பாதை இருக்கிறது, காட்டுப் பாதை இருக்கிறது, அங்கே எந்தப் போலீஸ் வரப் போகிறான்.

பழைய சந்தைக் கட்டடத்துக்குள் நுழைந்தார். காப்பிக் கடை மேசையிலிருந்து, "தைஸ்தோ, இங்க," என்று இர்யா குரல் கேட்டது. சால்மன் மீன் சூப்பு வாங்கி வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் தைஸ்தோ கெட்டிக்காரப் புருஷன் செய்ய வேண்டியதைச் செய்தார்.

"முடி நல்லா வெட்டியிருக்கா. பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கு."

"வெட்டலை," என்றாள் இர்யா.

"ஏன், கூட்டமா?"

"போகவே இல்லை. முக்கால் மணி நேரம் உன் எதிர் நாற்காலியில உக்காந்திருந்தேன்."

இர்யா மடியிலிருந்த பின்னல் குல்லாயை எடுத்து மேசையில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"வெய்க்கோ சொல்லிட்டானா?"

"வெய்க்கோ உனக்குச் சொன்னதெல்லாம் நான் அவனுக்குச் சொன்னது. அந்த டாக்டரம்மா கையெழுத்துப் போடறவ இல்லை, இந்த வியாதிக்குப் பேர் போனவ. நான் கூப்பிட்டா நீ வரமாட்டே. ஏமாத்தப் போறோம்னா நீயே கார் எடுத்துட்டு வருவேன்னு தெரியும்."

"அந்த எட்டு எழுத்து?"

"ஓட்ஸ் பொட்டலத்துல இருந்த எழுத்தைக் கலைச்சுப் போட்டேன்."

ஒரு மாதமாகக் காலையில் சாப்பிட்ட கஞ்சி. தைஸ்தோவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கொஞ்சம் தெம்பாகத்தான் இருக்கிறது. "இப்படிப் புருஷனை முட்டாளாக்கணும்னு எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தே?" என்றார்.

"நவம்பர்லேர்ந்து."

"நவம்பர்ல என்ன?"

"நான் பள்ளத்துல விழுந்தேனே."

"நீ வழுக்கி விழுந்தே."

"குதிச்சேன். ஓரமாத்தான் நடந்தேன், கோட்டுல மின்னற பட்டை இருந்தது. கார் நேரா என் மேல வந்தது. நீ பாத்திருப்பே, காரை ஒதுக்குவேன்னு கடைசி வரைக்கும் நின்னேன். அப்புறம் குதிச்சேன். ஜன்னலை இறக்கிவிட்டு விசிலடிச்சுக்கிட்டே போனே, தைஸ்தோ. என்ன பாட்டுன்னுகூடச் சொல்லவா?"

தைஸ்தோ வேண்டாம் என்று தலையாட்டினார். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. மீன் கடைக்காரன் யாருக்கோ எடை போட்டு, காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

நேரான ரோட்டில் நடக்கத் தெரியாதவள் என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டு பேருக்கும் தெரிந்ததால் யாரும் அதைச் சொல்லவில்லை. இர்யா ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, வெண்ணெய் அதிகமிருந்த பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டலில் காலைப் பலகாரம் அறை வாடகையோடு சேர்த்தி. துக்கத்தில் இருந்தாலும் தைஸ்தோ மூன்று தட்டு சாப்பிட்டார். கீழே வந்து பழக்கதோஷத்தில் காரின் இடப்பக்கம், ஓட்டுகிறவர் கதவைத் திறந்தார். அந்த இடத்தில் இர்யா உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். தைஸ்தோ சட்டைப்பையில் சாவியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அந்தச் சுற்று அவருக்கு ஔலுவைவிடத் தூரமாக இருந்தது.

"உனக்கு ஓட்ட வராது. நாற்பது வருஷமாச்சு," என்றார் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

"வெய்க்கோ கார்ல ஏரியைச் சுத்தின என்னைப் பாத்துத்தானே நீ காறித் துப்பினே," என்றாள் இர்யா. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் கிளம்பியது.

வழி நெடுக இப்போது தைஸ்தோதான் ரேடியோ. வளைவுக்கு முன்னால் கியரைக் குறை. லாரிக்குப் பின்னால் இடம் விடு. அனுபவம் என்றால் சும்மாவா. இர்யா தன்பாட்டுக்கு ஓட்டினாள். ஊர் நெருங்கியபோது அவர் திடீரென்று முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து, நிறுத்து. முன்னால பனிமான் நிக்குது, தெரியலையா? பெரிய ஆண் மான். கொம்பைப் பாரு. இதுக்குத்தான் ஓட்டத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல வேணும்கிறது."

இர்யா வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, அந்த மானுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினாள்.

"இறங்கித் தடவிப் பாத்துக்க, தைஸ்தோ," என்றாள். "பஸ் நிறுத்தக் கம்பம் அது. திங்கக்கிழமை ஊசிக்கு நீ இங்கதான் ஏறணும்."