அப்பா வழியா வந்தது

தன் குற்றங்களை இறக்கி வைக்க மனித குலம் கண்டுபிடித்த இடங்களில் மரபணுவே தலைசிறந்தது. அது மறுத்துப் பேசாது. மானநஷ்ட வழக்கும் போடாது. இந்த மகத்தான உண்மையை நிலைநாட்டிய பெருமை ஓர் அலுவலகக் கண்காணிப்பாளரையே சேரும்.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகின்றன. 'வந்தது' என்பதுதான் சரி. தான் போய் அழைத்து வரவில்லை என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கவே எச்சிலைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொண்டார்.

"சர்க்கரைக்கு இடம் கொடுக்கிற மரபணு மாற்றம் சிலது உங்களுக்கு இருக்கு. உங்கப்பா வழியா வந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா அது வாய்ப்பைத்தான் கூட்டும். மிச்சம் நீங்க சாப்பிடறதிலயும் நடக்கறதிலயும் இருக்கு."

கண்காணிப்பாளரின் காது 'அப்பா வழியா' என்பதோடு அலுவல் நேரத்தை முடித்துக்கொண்டது. மறுநாளே 'ஊழியர் உடல்நலம்' பற்றி அவசரக் கூட்டம் கூட்டி, கேக் வரவழைத்தார்.

"சார், உங்களுக்குச் சர்க்கரையாச்சே?" என்றார் கணக்கர்.

"கேக்கறது மரபணு, எடுக்கறது கை. நடுவுல எனக்கு என்னய்யா பொறுப்பு?"

கூட்டம் இந்த விளக்கத்தை ஏகமனதாக ஏற்று, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டது.

கூட்டம் இல்லாத நாளும், கேக் இல்லாத கூட்டமும் அந்த அலுவலகத்தில் அபூர்வம். மீந்த கேக்கைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் புகுத்திய நிர்வாகச் சீர்திருத்தம். வீட்டில் அவர் மனைவி பெட்டியைப் பறித்து, முக்கால்வாசியைத் தானே தின்றுவிடுவாள். "என் வீட்டம்மாவுக்கு நாக்கு நீளம். என் பங்கே எனக்குக் கிடைக்கிறதில்ல," என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மாலை அவள் பெட்டியைத் தொடவில்லை.

"தலை சுத்துதுன்னு டாக்டர்கிட்ட போனேங்க. எனக்கும் சர்க்கரையாம்."

கண்காணிப்பாளர் இதில் நிபுணர் அல்லவா? "கவலைப்படாதே. உங்கப்பா வழியா வந்திருக்கும்."

"எங்கப்பாவுக்கும் இல்ல, அம்மாவுக்கும் இல்ல. தினமும் எதுக்கும்மா கேக் சாப்பிடறீங்கன்னு டாக்டர் திட்டறார்."

"நியாயமான கேள்விதானே? எதுக்குச் சாப்பிட்ட?"

"எனக்கு இனிப்பே பிடிக்காதுங்க. நான் தின்னது போக மிச்சம்தானே உங்க வயித்துக்குள்ள போகும்? அதுக்குத்தான்."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சோதனை முடிவு, அவர் நிரபராதி என்று இன்னும் சாதித்துக்கொண்டிருந்தது.

"அப்போ எனக்கு யார் வழியாங்க வந்திருக்கும்?" என்றாள் அவள், நிஜமாகவே தெரியாமல்.

அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என் வழியா," என்றார்.