முதல்ல என் போன்ல போட்டுப் பார்ப்போம்

வாசகர்களே, தேங்கிய தண்ணீரில் கொசு பெருகுவதுபோல் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் சத்தமில்லாமல் பெருகிவரும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. உதவி மட்டும்தான் செய்யும்.

வயர் இருந்த காலத்தில் இந்த உயிரினத்துக்குப் பிழைப்பே இல்லை. ஹெட்போனின் வாலைப் போனின் ஓட்டையில் சொருகினால் பாட்டு வரும், பிடுங்கினால் நின்றுவிடும். இதில் நிபுணர் எந்தப் பக்கம் நுழைவது? வயர் என்றைக்கு ஒழிந்ததோ, அன்றைக்குப் பிறந்தார் நம்மவர். கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் எதுவானாலும் அதை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் தானாக முளைத்துவிடுவது உலக வழக்கம்தானே?

நீங்கள் புது ஹெட்போன் ஒன்று வாங்கி, யாருக்கும் தெரியாமல், ஓர் அறையின் மூலையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை நகத்தால் மெல்லக் கீறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் உங்களுக்கே கேட்காது. மூன்றாவது அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நம்மவருக்குக் கேட்டுவிடும். எழுந்து வருவார். கத்தி கேட்கும் அறுவை மருத்துவர்போல் உள்ளங்கையை விரித்து நீட்டுவார்.

"இப்படிக் குடுங்க."

"இல்லீங்க, நானே பாத்துக்கறேன்..."

"குடுங்கன்றேன்."

கொடுத்துவிடுவீர்கள். எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் குரலில் அப்படி ஒரு நிச்சயம்.

வாங்கியவர் முதலில் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பார். எதற்கு என்று கேட்கக்கூடாது. பிறகு, "எங்க வாங்கினீங்க?" என்பார். நீங்கள் எந்தக் கடையைச் சொன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? அதே கடைக்குத்தான் அழைத்துப் போயிருப்பார். ஆனால் பெருமூச்சு மட்டும் மிச்சமாகியிருக்கும். பெட்டிக்குள் எட்டு முறை மடித்த ஒரு விளக்கத் தாள் இருக்கும் அல்லவா? அதை ஒன்பதாவது முறையாக மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் சொருகிவிடுவார். "இதெல்லாம் தெரியாதவங்களுக்கு எழுதி வெச்சது."

அப்புறம்தான் கட்டைவிரல் வேலைக்கு இறங்கும். ஹெட்போனின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பவர்போல் கண்களைப் பாதி மூடி நிற்பார். அறையே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். ஒரு குட்டி விளக்கு மினுக்கும்.

"சிவப்பா வருதே?"

"வரணும்."

"இப்ப நீலமா வருதே?"

"அதுவும் வரணும்."

"ஒண்ணுமே வரலையே?"

"உள்ள யோசிச்சிட்டு இருக்கு. அவசரப்படுத்தாதீங்க."

இதற்கிடையில் பாடமும் நடக்கும். "ப்ளூடூத்துன்னா வேற ஒண்ணும் இல்ல. காத்துல போற வயரு. அவ்வளவுதான்." ஆகவே நடுவில் யாரும் நிற்கக்கூடாது, வயர் தடுக்கிவிடும். குழந்தையை நகரச் சொல்வார். நாற்காலியை நகர்த்தச் சொல்வார். பிரிட்ஜைப் பார்த்துச் சற்றே சந்தேகத்தோடு முகம் சுளிப்பார்.

இவையெல்லாம் வெறும் முன்னுரை. இந்த இனத்தை மற்ற அரைகுறை நிபுணர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிற முத்திரை இனிமேல்தான் வருகிறது. விளக்கு ஒருவழியாக நிலைத்து எரியும் அந்தப் புனிதமான கணத்தில், நீங்கள் ஆசையோடு உங்கள் போனை நீட்டுவீர்கள். நம்மவர் அதை இரண்டு விரலால் ஒதுக்கிவிட்டு, தம் சட்டைப்பையிலிருந்து தம்முடைய போனை எடுப்பார்.

"முதல்ல என் போன்ல போட்டுப் பார்ப்போம்."

ஏன்? "உங்க போனைக் குறை சொல்லல. இருந்தாலும் ஒரு நல்ல போன்ல பார்த்துட்டா நிம்மதி." அவர் போனில் அது உடனே பாடும். கண்ணை மூடித் தலையை ஆட்டி ஒரு முழுப் பாட்டையும் கேட்பார். உங்கள் பொருளை அவர் அனுபவிப்பதை நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு உங்கள் போனோடும் ஏதோ செய்து, திருப்பித் தருவார். நீங்களும் நன்றி சொல்லிவிடுவீர்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம். ஹெட்போனுக்கு நம் சொந்தக்காரர்களைவிட நல்ல ஞாபகசக்தி. யாரோடு முதலில் ஜோடி சேர்ந்ததோ அவரைச் சுலபத்தில் மறக்காது. பக்கத்தில் எங்கேயாவது அவர் வாடை அடித்தால் போதும், கட்டியவரை விட்டுவிட்டு அவரிடம் ஓடிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் ஆபீசர். அந்த அலுவலகத்தில் அவர் கைபடாத ஹெட்போன் கிடையாது. காலையில் கணக்குப் பிரிவு அம்மாள் பாட்டுக் கேட்கலாம் என்று தன்னுடையதை மாட்டி ஆன் செய்வார். பாட்டு வராது. அடுத்த மேஜையில் ஸ்டோர் ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவ வீடியோவிலிருந்து, வாயுத் தொல்லைக்கு எந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும் என்று ஒரு கனத்த குரல் காதுக்குள் விளக்கும். ஆபீசரோ தன் போனில் ஏன் சத்தம் வரவில்லை என்று அதைத் தட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு வயிறு சரியில்லாத நாளை முதலில் அறிவது அவர் மனைவி இல்லை. கணக்குப் பிரிவு.

இத்தனையும் சிரிப்போடு போயிருக்கும், அவருடைய மனைவியின் தங்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வராமல் இருந்திருந்தால்.

அந்தப் பெண் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடிச் செருப்புத் தேய்ந்து, கடைசியில் ஓர் இடம் கூடிவந்திருந்தது. பல கம்பெனிகளுக்கு வரும் புகார்களைப் போனில் கேட்டு, வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒரு சோதனை உண்டு. "ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடுவோம். கோபக்காரர் மாதிரி நடிப்போம். எதைப் பத்தின்னு முன்னாடியே சொல்லமாட்டோம். கூல் பண்ணிட்டீங்கன்னா வேலை. இல்லன்னா இல்ல." புகாரை எழுதிக்கொள்ளக் கை சும்மா இருக்க வேண்டும், அதனால் ஹெட்போன் கட்டாயம். அவள் வீட்டு மாடியில் தரை உடைக்கிற சத்தம். அதனால் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். புது ஹெட்போனை முந்தின நாளே தானாகச் சேர்த்து, கேட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்தாள்.

"அவரு எழுந்திருக்கறதுக்குள்ள உள்ள போய்க் கதவச் சாத்திக்கோ" என்றாள் அக்கா.

நல்ல யோசனைதான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"என்ன அது கழுத்துல?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

"ஹெட்போன் மாதிரி தெரியுது?"

"நேத்தே சேத்தாச்சு அத்தான். நல்லாக் கேக்குது."

"யார் சேத்தது?"

"நான்தான்."

அத்தான் சிரித்தார். தனக்குத் தானே பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்துப் பல் டாக்டர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"அவள விடுங்க" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "அவளுக்கு இன்னிக்கு வேலைக்கு டெஸ்ட்டு."

"அதுக்குத்தான் சொல்றேன். நடுவுல அறுந்துபோச்சுன்னா யாரு பொறுப்பு?"

"இல்லாத வயரு எப்படிங்க அறுந்துபோகும்?"

"உனக்குப் புரியாது" என்று சமையலறைப் பக்கம் சொல்லிவிட்டு, மைத்துனியிடம் உள்ளங்கையை நீட்டினார். "நீ குடும்மா."

கொடுத்துவிட்டாள். நான்தான் சொன்னேனே, எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். முந்தின நாள் அவள் செய்ததையெல்லாம் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, சிவப்பு வரணும், நீலம் வரணும் எல்லாம் முடித்து, தம் போனில் போட்டு ஒரு பாட்டைக் கேட்டு முடித்து, "பிரமாதம்!" என்று திருப்பிக் கொடுத்தார்.

"என் போன்ல சேக்கலையே அத்தான்?"

"அது தானா வந்துடும். புது இடம், கொஞ்சம் கூச்சப்படும். ரெண்டு நிமிஷம் விடு."

சொல்லிவிட்டு, போனைச் சோபாவில் போட்டுவிட்டு, ஒரு காரியத்தைச் சாதித்த களைப்போடு குளிக்கப் போய்விட்டார்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மணி காதுக்குள்ளேயே அடிக்கும் என்பதால் தன் போனைச் சைலண்டில் போட்டாள். பார்த்தால் பயமாக இருக்கிறது என்று அதைக் கவிழ்த்தும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் மணி அடித்தது. பொத்தானை அழுத்தினாள்.

"ஹலோ! டைல்ஸ் கம்பெனிதானே?"

அட, நமக்குத் தெரிந்த விஷயமாகவே கொடுத்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். "ஆமாங்க, சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? பாத்ரூமுக்கு வெள்ளை டைல்ஸ் கேட்டா, ஆனை நிறத்துல அனுப்பி வெச்சிருக்கீங்க! மேஸ்திரி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நாங்க எல்லாரும் எதிர்வீட்ல போய்க் குளிச்சிட்டு வரோம். எங்க மாமியாரு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டக் கிராஸ் பண்றாங்க, தெருவே வேடிக்கை பாக்குது!"

என்ன நடிப்பு, என்ன நடிப்பு! கடைசியில் இருமல்கூட நிஜம்போல வந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க கோபம் நியாயமானதுங்க. நிதானமா முழுசும் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"எத்தனை தடவ சொல்றது? அந்த ஸ்டோர் ஆபீசர்கிட்டப் படம் எடுத்து அனுப்பினா, 'டைல்ஸ் வெள்ளைதான், உங்க போன்லதான் கலர் கோளாறு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'ங்கறாரு!"

"அவர் சொன்னது தப்புங்க. அவர் சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"என்னது?" என்றது அந்தப் பக்கம். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கம்பெனியிலிருந்து அதுவரை வெளியே போனதே இல்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வெள்ளை டைல்ஸ் உங்க வீட்ல இருக்கும்" என்றாள். உற்சாகம் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "அந்த ஆபீசரே நேர்ல வந்து, தன் கையால இறக்கி வெப்பாரு. உங்க மாமியார்கிட்டயும் மன்னிப்புக் கேப்பாரு."

"நாங்க இருக்கறது மூணாவது மாடிம்மா. லிஃப்ட் கிடையாது."

"அவர் ஏறுவாருங்க."

"நீ நல்லா இருக்கணும்மா" என்றது குரல், நனைந்துபோய்.

அவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "முடிஞ்சுதுக்கா! ஆளு அப்படியே உருகிட்டாரு!" சொல்லிக்கொண்டே கையிலிருந்த தன் போனைத் திருப்பினாள். அந்தப் புகார் கம்பெனியிலிருந்து மூன்று அழைப்புகள். மூன்றும் எடுக்கப்படாதவை.

"அப்ப... நான் யார்கிட்டக்கா பேசினேன்?"

சோபாவில் கிடந்த அத்தானின் போன் டிங் என்றது. அக்கா எடுத்துப் படித்தாள். 'உங்கள் மேடத்துக்கு மிகவும் நன்றி. ஆபீசர் எப்போது வருவார்?'

போனைத் தங்கையிடம் காட்டினாள். குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "போச்சுக்கா. ஒரே ஒரு சான்ஸு. போச்சு."

"அழாத. முதல்ல அந்தச் சனியனைக் கழட்டு." அக்கா, தன் புருஷனின் போனை ஆஃப் செய்து, பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். "இப்ப நீயே கூப்பிடு. மனுஷங்க மாதிரி காதுல வெச்சுப் பேசு."

கூப்பிட்டாள். எடுத்தவர் பொரிந்து தள்ளினார். "மூணு தடவ கூப்பிட்டோம்! போனே எடுக்காதவங்களுக்குப் போன்ல என்னம்மா வேலை? எங்க நேரத்துக்கு மரியாதை இல்லையா?" அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குரல் எப்படியோ நடுங்கவில்லை. கொஞ்சம் முன்னால்தான் ஓர் ஆளைக் கரைத்த குரல் அல்லவா? "உங்க கோபம் நியாயமானதுங்க. தப்பு எங்க பக்கம்தான். முழுசும் சொல்லுங்க, நான் கேக்கறேன்." அவர் சொன்னார். சொல்லச் சொல்லச் சுருதி இறங்கியது. கடைசியில் சிரித்துவிட்டார்.

"சரி, டெஸ்ட் எப்ப வெச்சுக்கலாங்க?" என்று கேட்டாள்.

"இனிமே எதுக்கும்மா டெஸ்டு? நாங்க கோபக்காரங்க மாதிரி நடிக்கறதுதான் வழக்கம். இன்னிக்கு நான் நிஜமாவே கோபமா இருந்தேன். இப்ப இல்ல. நாளைல இருந்தே சேந்துக்குங்க."

அன்று சாயங்காலம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு, விடுமுறை நாள் சட்டை வியர்வையில் ஒட்ட, வெள்ளை டைல்ஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறிய ஸ்டோர் ஆபீசரை அந்தத் தெரு வேடிக்கை பார்த்தது. மாமியாரிடம் மன்னிப்பும் கேட்டாராம். அந்த அம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் வெட்கப்பட்டிருப்பார், வருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, மைத்துனியைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்:

"பாத்தியா? காலைல மட்டும் நான் சேத்துக் குடுக்கலன்னா, உனக்கு இந்த வேலை கிடைச்சிருக்குமா?"

"அவரு சொல்றதுல ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியலடி" என்றாள் அக்கா. "அதான் வயித்தெரிச்சல்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்த மனிதர் போனைச் சோபாவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார் என்று படித்தீர்களே, அப்போது உங்கள் மனதுக்குள், "அடடா, போறதுக்கு முன்னாடி அவர் போன்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணியிருக்கணும், இதுகூடத் தெரியல" என்று ஒரு குரல் முணுமுணுத்ததா? அவருக்கு ஒன்றும் தெரியாது, உங்களிடம் கொடுத்திருந்தால் ஒரு நொடியில் முடித்திருப்பீர்கள் என்று தோன்றிற்றா? கட்டைவிரல் லேசாகத் துடித்ததா?

துடித்தது என்றால், தயவுசெய்து உங்கள் போனைத் திறந்து, அதில் யார் யாருடைய ஹெட்போன்கள் இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு, அவர்களில் யாருக்காவது இன்று முக்கியமான போன் ஏதாவது வரப்போகிறதா என்று விசாரியுங்கள். அதன் பிறகு குளிக்கப் போகலாம்.