செங்குத்தன் கட்டிக் காத்த குழிச்சுவர்

ஒரு காட்டில் ஒரு குழி இருந்தது. குழி வளர வளரக் காடு தேய்ந்து, இப்போது குழியைச் சுற்றிக் கொஞ்சம் காடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்வதே சரி. விலங்குகளெல்லாம் ஆசையாய் நக்கும் உப்புமண்ணை அங்கே காட்டுப்பன்றிகள் தோண்டின. மேலாளர் தேனப்பக் கரடி, அவை தோண்டுவதை மேலேயிருந்து பார்த்துக் களைத்துப்போகும்.

குழியின் சுவர் சரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு தலைமை வல்லுநர் உண்டு. செங்குத்தன் என்ற வரையாடு. தகுதி? எந்தப் பாறையிலும் வழுக்காமல் நிற்கும். அவ்வளவுதான். சுவரில் ஏறி நின்று பார்க்கும். தான் விழவில்லையென்றால் சுவரும் விழாது என்று முத்திரை குத்திவிடும். அந்தப் பதவிக்குத் தனி நிழற்குடை, தினம் ஒரு கட்டு இளம்புல். ஆகவே செங்குத்தனுக்கு உலகத்தில் ஒரே கவலை: சுவர் நிற்கிறதோ இல்லையோ, பதவி நிற்க வேண்டும்.

ஒருநாள் குழியின் விளிம்பில் நீளமாக ஒரு விரிசல் விட்டது. பன்றிகளின் தலைவி சேற்றழகி மூச்சிரைக்க மேலே வந்தது.

"சார், சுவரு ரொம்ப நெட்டுக்குத்தா இருக்கு. படிபடியா வெட்டிச் சாய்வைக் குறைங்க. மழைத்தண்ணி வடிய வாய்க்கால் எடுங்க. நாங்க புள்ளகுட்டிக்காரங்க, அடியில நிக்கிறோம்."

"படி வெட்டினா உப்பில்லாத வெத்து மண்ணு எவ்வளவு அள்ளணும் தெரியுமா? கரடி ஐயா என் தோலை உரிச்சிருவாரு. அதுவுமில்லாம படி எதுக்கு? நான் என்ன படியிலயா ஏறுறேன்?"

"மண்ணுக்கு உங்கள மாதிரி குளம்பு இல்லையே சார்."

இந்த வாயை அடைக்க, செங்குத்தன் நவீனக் கருவி ஒன்றை வரவழைத்தது. கருவியின் பெயர் நூலம்மாள், சிலந்தி. விரிசலின் இரு கரைக்கும் நடுவே விறைப்பாக ஓர் இழை கட்டியது. விரிசல் அகன்றால் இழை அறும்; அறுந்தால் எல்லாரும் குழியை விட்டு ஓடவேண்டும்.

மறுநாள் காலை இழை அறுந்து கிடந்தது.

"என்னம்மா நூல் இது? தரமே இல்லையே!" என்று எகிறியது செங்குத்தன்.

"நூலு நல்ல நூலுதான் சார். விரிசல்தான் அகலுது."

"எதிர்த்துப் பேசாத. நாளையிலேருந்து தொளதொளன்னு கட்டு."

தொளதொளவென்று கட்டியபின் இழை அறுபடவே இல்லை. 'விரிசல் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது, பொதுவிலங்குகள் வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று ஒரு கிளி நாலு திசையும் பறந்து கத்தியது.

மழை பிடித்துக்கொண்டது. விரிசல் வயிறு முட்டக் குடித்தது. இறங்க மாட்டோம் என்று பன்றிகள் எதிர்க்கரை வண்டிப்பாதையில் உட்கார்ந்துவிட்டன.

"செங்குத்தா," என்று உறுமியது கரடி, "பொழுது சாயறதுக்குள்ள இதுங்க இறங்கலைன்னா, நீ உன் மலைக்கே கிளம்பிரலாம்."

செங்குத்தன் தன் நிழற்குடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஒரே தாவாய்த் தாவிச் சுவரின் நட்டநடுவில் போய் நின்றது.

"பாருங்கடா கோழைகளா! நான் நிக்கிறேனா இல்லையா?"

"நிக்கிறீங்க சார்," என்றது சேற்றழகி. "கீழ போய்க்கிட்டே நிக்கிறீங்க."

உண்மைதான். சுவர் மொத்தமும் கிளம்பிவிட்டது. செங்குத்தன் பாறைக்குப் பாறை தாவித் தாவி, கடைசியில் குழியின் அடியில் மண்குவியல் மேல் வந்து நின்றது. பன்றிகளின் மண்வெட்டிகளும் சோற்றுத்தூக்குகளும் போன இடம் தெரியவில்லை.

"அடப்பாவி! என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று கரடி ஓடி வந்தது.

போச்சு பதவி என்று நினைத்த செங்குத்தன் சுற்றிலும் பார்த்தது. சரிந்த மண், பாய் விரித்தாற்போல் மெல்லிய சாய்வாகப் படுத்திருந்தது. இனிச் சரிவதற்கு அதில் ஒன்றும் பாக்கியில்லை. சட்டென்று குரலைக் கனமாக்கிக்கொண்டது.

"ஐயா, தொழிலாளர் கோரிக்கையை ஏற்று, சுவரின் சாய்வைக் குறைத்துவிட்டேன். ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கரடி மிச்சமான வெட்டுக்கூலியை விரல்விட்டு எண்ணியது. அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டது. செங்குத்தனுக்கு அன்றே பதவி உயர்வு. இழை அறுந்து முன்னெச்சரிக்கை தரத் தவறிய குற்றத்துக்காக நூலம்மாளுக்கு வேலை போயிற்று. கோரிக்கை நிறைவேறிய பன்றிகளோ, குழியை மூடிய மண்ணையெல்லாம் நன்றியுணர்வோடு அள்ளி வெளியே கொட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன.

நீதி: இடிந்து முடிந்தபின் எல்லாச் சுவரும் உறுதியானதே, அதுவரை பதவியில் தாக்குப்பிடிப்பவரே வல்லுநர்.